அவர் கேட்டது ஒரு சின்னக் கோயில்

கண்ணா,

இந்தக் கடிதத்தை உன்னால் நேராகப் படிக்க முடியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் பேச வரும், சண்டை போட வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. புத்தூரில் தெலுங்கு மீடியம், திருப்பதியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் இங்கிலீஷில் என்று நாங்கள்தான் உன்னை அப்படிப் படிக்க வைத்தோம். அதனால் இதைச் சுகன்யாதான் உனக்குப் போனில் படித்துக் காட்ட வேண்டும். திருத்தணிப் பெண், பன்னிரண்டு வரை தமிழில் படித்தவள், இன்னும் பத்து நாளில் உன் மனைவியாகப் போகிறவள். சுகன்யா, நடுவில் எதையும் விட்டுவிடாமல் படி அம்மா. ஓரிடத்தில் உன்னையும் ஒன்று கேட்டிருக்கிறேன். அங்கே குரலைத் தாழ்த்தாதே.

போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ சிரிப்பாய். "ம்மா, டென்ஷன் ஆவாத, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பாய். உன் சிரிப்பின் முன்னால் நான் எப்போதும் சொல்ல வந்ததை மறந்துவிடுகிறேன். அதனால் உன் அப்பா தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டாலே பேனாவை மூடிவிடுகிறேன். பதினைந்து வயதில் எப்படி எழுதினேனோ அப்படியே ஐம்பத்தாறு வயதிலும் எழுதுகிறேன். இத்தனைக்கும் நான் அங்கன்வாடி டீச்சர், நாள் முழுக்க ரிஜிஸ்டர் எழுதுகிறவள். ரிஜிஸ்டரெல்லாம் தெலுங்கில். பயம் வந்தால் மட்டும் எனக்குத் தமிழில்தான் எழுத வருகிறது.

முந்தாநாள் மத்தியானம் ஆட்டோவில் நான்கு பெட்டிகள் வந்தன. ஆட்டோக்காரப் பையன், "இன்னாக்கா, கல்யாணப் பத்திரிகையா? கல்லு மாதிரி கனக்குது" என்றான். நானும் பத்திரிகை என்றுதான் நினைத்தேன். மிச்ச உறவுக்கெல்லாம் மஞ்சள் தடவி வைத்துவிடலாம் என்று கத்தியால் டேப்பை அறுத்தேன். மேலே இருந்தது ஒரு புத்தகம். அட்டையில் என் பழைய நோட்டின் படம், மூலையில் எலி கடித்த இடம்கூடத் தெரிந்தது. கீழே என் பெயர். கீழேயிருந்து மேலே வரை எல்லாம் அதே புத்தகம். உன் அப்பா பின்னாலேயே வந்து நின்று, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "பாத்துட்டியா? உனுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லிக்கினு இருந்தான். தாம்பூலப் பையில போடறதுக்கு. தேங்கா, வெத்தலை பாக்கு, மஞ்சள், அப்புறம் உன் பொஸ்தகம். ஐந்நூறு." யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். "உன்னத் தவிர எங்க எல்லாருக்கும்" என்றார்.

நீ எங்கிருந்து இந்த யோசனையைப் பிடித்தாய் என்று எனக்குத் தெரியும். விதை போட்டவள் நானே. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஓட்டல் வேலைக்கு ஐரோப்பாவில் மாண்டெனெக்ரோவுக்குப் போன புதிதில், லீவு நாளில் ஓட்டல் இருக்கும் கடலோர ஊரிலிருந்து பஸ் ஏறி மலைமேல் செட்டின்யே என்ற ஊருக்குப் போனாய். அங்கிருந்து வீடியோ கால். நாட்டின் பெயருக்கே கறுப்பு மலை என்று அர்த்தம் என்றாய். மழை தூறிக்கொண்டிருந்தது. உன் பின்னால் சுற்றிலும் கல்மலை, நடுவில் தட்டு மாதிரி ஒரு சமவெளி, அதில் ஓட்டு வீடுகள். "ம்மா, இதுதான் அந்தக் காலத்துல ராஜா இருந்த ஊரு. இப்ப கேப்பிட்டல் வேற ஊருக்குப் போயிடுச்சி. ஆனா இன்னும் இத ராஜ தலைநகரம்னுதான் சொல்றாங்க. நம்ம கார்வேட்டிநகரம் மாதிரியே கீது. ராஜா போனப்புறம் மிச்சம் இருக்கற ஊரு." நான் பிறந்த ஊரை நீ அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கார்வேட்டிநகரம் ராஜாக்களும் கவிஞர்களை வைத்துக் காப்பாற்றியவர்கள் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். உன் ஊர் ராஜாவோ தானே கவிஞர் என்றாய்.

அதன் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் நீ அங்கேயே போனாய். அந்த ராஜா சாமியாராகவும் இருந்தவர், ஆறரை அடி உயரம், நாற்பது வயதுகூட நிரம்பாமல் காசநோயில் இறந்தவர். அவர் தன் கோட்டை வீட்டுக்குள் விளையாட ஒரு பெரிய பில்லியர்ட்ஸ் மேசையை வாங்கினார், கடற்கரையிலிருந்து அந்தச் செங்குத்து மலைப்பாதையில் ஆட்களே அதைத் தூக்கி வந்தார்கள், அன்றுமுதல் வீட்டுக்கே அந்த மேசையின் பெயர்தான் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மேசையைத் தூக்கியவர்கள் அவர் கவிதையைப் படித்திருப்பார்களா என்று கேட்டேன். "அவங்களுக்குப் படிக்கவே தெரியாதும்மா. ஆனா மனப்பாடமா சொல்வாங்களாம்" என்றாய். பிறகு அச்சு எந்திரத்தின் கதையைச் சொன்னாய். படிக்கத் தெரியாத அந்த மலை ஜனங்களுக்காக அவர் ஓர் அச்சு எந்திரத்தைக் கொண்டுவந்து புத்தகம் போட்டார். அவர் செத்த அடுத்த வருஷம் சண்டை வந்தது. துப்பாக்கிக்குக் குண்டு இல்லை. ஈய எழுத்துகளையெல்லாம் உருக்கிக் குண்டு வார்த்துவிட்டார்கள்.

அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ பயந்துபோய், "இன்னாம்மா, நூத்தியெழுவது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு இப்பப் போய் அழுவற" என்று கேட்டாய். அந்த நேரத்து இளகலில்தான் வாயைத் திறந்துவிட்டேன். நானும் ஒரு காலத்தில் எழுதினேன், ஒரு நோட்டு இருக்கிறது, என் கல்யாணப் புடவைக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று சொன்னேன். உன் அப்பாவுக்குக்கூட அதுவரை தெரியாது. சொன்ன கையோடு ஒன்றைக் கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா? "யாருக்கும் காட்டாதே. நான் செத்தால் என்னோடு சேர்த்து அதையும் எரித்துவிடு." நீ, "சரிம்மா, சத்தியமா" என்றாய். போனில் உன் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. நான் நம்பினேன்.

அடுத்த மாதம் நீ மலை உச்சிக்குப் போனாய். நானூற்றுச் சொச்சம் படி, திருமலைக்கு அலிபிரிப் படி ஏறினவனுக்கு இது ஒரு படியா என்று பெருமை பேசினாய். உச்சியில் அந்த ராஜாவின் சமாதி. பளிங்கும் கருங்கல்லும் தங்கத் தகடு ஒட்டிய கூரையும். பெரிய சிலை. போட்டோவெல்லாம் அனுப்பிவிட்டு, கோபமாகக் கூப்பிட்டாய். "ம்மா, அவரு கேட்டது இது இல்லம்மா. உயிரோட இருக்கும்போதே அந்த உச்சியில ஒரு சின்னக் கோயில் கட்டி, என்னை இதுல புதைங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. அத ஒரு யுத்தத்துல வேத்து நாட்டுக்காரன் சிதைச்சான். சரி, அவன் எதிரி. திரும்பக் கட்டினாங்க. அப்புறம் இவங்களே, இவரு எங்க பெரிய கவிஞரு, சின்னக் கோயில் போதாதுன்னு இடிச்சிட்டு இத கட்டியிருக்காங்க. செத்தவன் கேட்டது ஒரே ஒரு விஷயம். அதக்கூடக் கேக்கல." என் பிள்ளைக்கு இவ்வளவு நியாயம் தெரிகிறதே என்று அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதே நீதான், பொங்கலுக்கு வந்தபோது, என் டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்திருக்கிறாய். நான் செவ்வாய்க்கிழமை திருச்சானூர் கோயிலுக்குப் போயிருந்த நேரமாக இருக்கும். அந்த ராஜாவாவது செத்த பிறகு ஏமாந்தார். நான் உயிரோடு, உனக்குச் சோறு போட்டுக்கொண்டு, ஒரே வீட்டில் இருக்கும்போதே ஏமாந்தேன். நீ ஆசையில்தான் செய்தாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மலைக்காரர்களும் ஆசையில்தான் இடித்திருப்பார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருப்பதியில் படிக்கும்போது இரண்டாம் வருஷம் நீ பெயிலாகி, என்னிடம் மட்டும் சொல்லி, அப்பாவிடம் சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டாய். இரண்டு நாள்கூட என்னால் வைத்திருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். உன் நல்லதுக்கு என்றுதான் சொன்னேன். நீ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அன்று உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை வருஷம் கழித்து முந்தாநாள்தான் எனக்குப் புரிந்தது. நல்லதுக்கு என்று செய்கிறவர்கள்தான் கேட்காமல் செய்கிறார்கள். கல்யாணம் ஆகப்போகிறவன் நீ. மனைவியின் பெட்டி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அது அவள் பெட்டி.

இனி அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். நீ அச்சடித்தாய், ஆனால் உனக்குப் படிக்கத் தெரியாது. முதல் பத்துப் பக்கம் மழை, நகரி மலை, வேணுகோபாலர் கோயில் குளத்தின் படிக்கட்டு. திருத்தணியிலிருந்து மளிகை கட்டி வரும் பத்திரிகைத் தாளையும் பஸ் போர்டையும் பார்த்து நானே பழகிய தமிழ், ஒரே பிழை. எங்கள் வீட்டில் எல்லாரும் தமிழ் பேசுவோம், படிக்கத் தெரிந்தவர்கள் தெலுங்குதான் படிப்போம். தமிழில் எழுதிவிட்டால் பூட்டுப் போட்ட மாதிரி என்று நினைத்தேன். சுகன்யா, இங்கேதான் உன்னைக் கேட்கிறேன். டைப் அடிக்கக் கொடுத்தவள் நீ என்று அவன் அப்பா சொன்னார். முதல் பத்துப் பக்கத்தோடு நிறுத்திவிட்டாயா, அல்லது பதினோராம் பக்கமும் படித்தாயா? படித்திருந்தால் இப்போதே அவனிடம் சொல்லிவிடு. சொல்லிவிட்டு மேலே படி.

பதினோராம் பக்கத்திலிருந்து மாமா வருகிறார். உன் பெரியப்பா. அவர் என் அம்மாவின் தம்பி என்பது உனக்குத் தெரியும். அவருக்கு முதலில் பேசி வைத்திருந்தது என்னை என்பது உனக்குத் தெரியாது. எனக்குப் பதினைந்து, பத்தாவது படிக்கிறேன். அவருக்கு முப்பது, அரக்கோணத்தில் ஓர் ஓட்டலில் சமையல் வேலை. தாய்மாமனுக்கு உரிமை என்று எங்கள் வீட்டில் யாரும் அதை ஒரு கேள்வியாகவே நினைக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்றார்கள். அவர் ஒரு தப்பும் செய்தவரில்லை கண்ணா. வரும்போதெல்லாம் எனக்கு ரிப்பனும் மிக்சர் பொட்டலமும் கொண்டுவருவார். எனக்குப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்தை ராத்திரியில் போர்வைக்குள் எழுதினேன். அவர் கையில் வெங்காய வாடை, அவர் சிரித்தால் மாவு எந்திரம் ஓடுகிற மாதிரி இருக்கிறது, அந்தக் கை என்மேல் பட்டால் கோயில் குளத்தில் விழுந்து செத்துப்போவேன் என்றெல்லாம் எழுதினேன்.

ஒருநாள் அம்மா அரிசிப் பானைக்குள்ளிருந்து அந்த நோட்டை எடுத்துவிட்டாள். அவளுக்கு அந்த எழுத்து தெரியவில்லை. நேராகக் கொண்டுபோய்த் தம்பியின் கையிலேயே கொடுத்தாள். "டேய், நீ அரக்கோணத்துல கிறவன்தானே, இதுல இன்னா எழுதிக்கினு கிறான்னு பாருடா." மூன்றாவதோடு பள்ளியை விட்டவர், கைநாட்டு என்றே நான் நினைத்திருந்தேன். ஓட்டல் பலகையையும் பேப்பரையும் பார்த்து அவரும் என்னைப் போலவே தமிழ் கற்றிருக்கிறார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். "இன்னாடா?" என்றாள் அம்மா. "ஒன்னும் இல்லக்கா. மழை, மலைன்னு இன்னாவோ பாட்டு எழுதிக்கினு கிறா. பாடம் மாதிரி" என்றார். எழுந்து வந்து நோட்டை என் கையில் கொடுத்து, "பத்திரமா வெச்சிக்கோ பாப்பா" என்றார். அதற்கு முன்னால் அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதே இல்லை.

எட்டாம் நாள் என் நைனாவிடம், உன் தாத்தாவிடம், வந்து, "சின்னது படிக்கட்டும் பாவா. பெரியதை எனக்குக் குடுங்க" என்றார். அப்போது என் அக்காவுக்கு, உன் பெரியம்மாவுக்கு, புத்தலப்பட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பேசி முடிக்கிற நிலையில் இருந்தது. அவர் பெண் பார்க்க வந்தபோது, "எதுவரை படிச்சிகிறே?" என்று கேட்டு, இரண்டாவது என்று அக்கா சொன்னதும், "பரவால்ல, எங்க வூட்டுக்கு வந்து மேல படி" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அன்றிலிருந்து நடந்தால் தரையில் கால் படவில்லை. என் பழைய பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துப் பழகினாள். நைனாவால் மாமா கேட்டதை மறுக்க முடியவில்லை. மாட்டுக் கொட்டகையில் நைனாவும் அம்மாவும் பேசியது எனக்குக் கேட்டது. "பெரியவகிட்ட இன்னா சொல்றது?" என்றார் நைனா. அம்மா சொன்னாள்: "வாத்தியார் வூட்டுல வேணான்னுட்டாங்கன்னு சொல்லிடலாம். பல்லு எடுப்பா கீதுன்னு சொன்னாங்கன்னு சொல்லு. அப்பதான் மறுபேச்சு பேச மாட்டா."

அன்று ராத்திரி அதை அப்படியே எழுதினேன். கடைசி வரி, "நாளைக்கு அக்காவிடம் சொல்லிவிடுவேன்." அதற்குப் பிறகு நான் எழுதவே இல்லை. மறுநாள் அக்காவிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் மறுபடியும் என்னைக் கொடுத்துவிடுவார்களே என்ற பயம். அக்கா மாமாவைக் கட்டிக்கொண்டாள். நான் மேலே படித்தேன், டீச்சரானேன். நம் வீட்டுப் போட்டோ எதையாவது எடுத்துப் பார். எல்லாவற்றிலும் உன் பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். வெட்கம் என்று நீங்களெல்லாம் கேலி செய்வீர்கள்.

இதைத்தான் ஐந்நூறு பேர் கையில் கொடுக்கப் போகிறாய். நாற்பத்தோரு வருஷம் வாயைத் திறக்காத ஒரு மனுஷர், தன் கையின் வாடையைப் பற்றித் திருத்தணி சம்பந்திகள் படிக்கப் படிக்கப் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். தன்னை யாரோ வேண்டாம் என்றார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் என் அக்காவுக்கு, யாராவது ஒருத்தி, "ஏங்க, இதுல வர்ற பெரிய பொண்ணு நீங்களா?" என்று மண்டபத்திலேயே கேட்பாள். அந்த ராஜா பெரிய ஆள். படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதினார், தானே அச்சடித்தார். அவர் எழுதியதில் வருகிறவர்களுக்கும் அக்கா தங்கை இருந்திருப்பார்கள். அவர்களை யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ராஜா இல்லை. பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். நாளைக்குக் கொல்லையில் போட்டு எரித்துவிடுவேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

இதுவரை நேற்று எழுதினேன். இனி எழுதுவது இன்று.

காலையில் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். முதல் புத்தகத்தைப் பிரித்தபோது அது கடைசிப் பக்கத்தில் திறந்தது. அச்செழுத்தில் அந்த வரியைப் பார்த்தேன். எரித்துவிட்டால் எனக்குத்தான் சௌகரியம் என்று அப்போது தோன்றியது. இந்த நோட்டு ரகசியமாக இருந்ததில் அக்காவுக்கு ஒரு லாபமும் இல்லை, எல்லாம் எனக்குத்தான். உன்மேல் இருந்த கோபம் குறையவில்லை. அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு கார்வேட்டிநகரம் பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாமாவின் டிபன் கடையில் கூட்டமாக இருந்தது. நான் பின்பக்கமாக வீட்டுக்குப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னாடி, கல்யாண வேலைய போட்டுட்டு வந்துகிற? பத்திரிகைதான் வெச்சிட்டியே. இன்னொரு வாட்டி வெத்தலை வெக்கணுமா எனுக்கு?" என்றாள்.

"ஒரு பொஸ்தகம் படிச்சிக் காட்டணும்க்கா."

"எனுக்கா? எனுக்கு எண்ணெய் பாக்கெட்டுல போட்டுகிற படம்தான் தெரியும்."

நான் எழுதியது என்றதும் அவளுக்கு ஒரே பெருமை. மழைப் பாட்டைக் கேட்டுத் தலையாட்டினாள். பதினோராம் பக்கத்தைப் படித்தேன். அவளோ வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "வெங்காய வாடையா! இன்னும் அடிக்குதுடி. நானும் எத்தினி சோப்பு போட்டுப் பாத்துட்டேன்." குளத்தில் விழுவேன் என்று எழுதிய இடத்தில், "உனுக்குதான் நல்லா நீச்சல் தெரியுமேடி, எப்படி சாவ?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். கண்ணா, அந்த இடத்தோடு மூடிவிட்டு எழுந்து வந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் நினைத்த மாதிரியே.

மாட்டுக் கொட்டகைப் பக்கத்தைப் படித்தேன். அக்காவின் கை நின்றது. முழுக்கப் படித்து முடித்தேன்.

"அவங்க வேணான்னு சொல்லலையா?" என்றாள்.

"இல்லக்கா. வாத்தியாரு ரெண்டு வாட்டி ஆள் அனுப்பினாரு. நைனாதான் திருப்பி அனுப்பிட்டாரு."

"என் பல்லு?"

"யாரும் ஒன்னும் சொல்லல."

அவள் புளிக்கொட்டை ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தாள். இன்னொன்றை எடுத்து வைத்தாள். "நீ அன்னிக்கே கேட்டுக்கினு இருந்த" என்றாள். ஆமாம் என்றேன். "அம்மா செத்தா. அவ மடியில தலைய வெச்சி அழுதேன், பக்கத்துல நீயும் இருந்த. நைனா செத்தாரு. அப்பவும் இருந்த. இவ்ளோ வருசத்துல ஒரு நாளு கிடைக்கல உனுக்கு?" சத்தம் போடவே இல்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து மாமா ஒரு தட்டில் இட்லியோடு உள்ளே வந்தார். "பாப்பா எப்ப வந்துச்சி? பின்னாடியே வந்துட்டா எப்டி? ரெண்டு இட்லி துன்னுட்டுப் போ" என்றவர், தரையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார். அட்டையில் நோட்டின் படம். உடனே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. குனிந்து எடுத்தார், கண்ணாடி இல்லாமல் தூர வைத்து ஒரு பக்கத்தைப் பார்த்தார். "அச்சு நல்லா கீது" என்றார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, நீ இத முன்னாடியே படிச்சிகிறியா?" என்று கேட்டாள். அவர் புத்தகத்தை மூடிக் கட்டில்மேல் வைத்தார். "கல்லாவுல ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து அக்கா கேட்டாள், உன் பிள்ளை எத்தனை போட்டிருக்கிறான் என்று. ஐந்நூறு, எல்லாவற்றையும் எரித்துவிடுகிறேன் என்றேன். "எரிப்பியா? எரிச்சிட்டு மறுபடியும் நல்லவளா உக்காந்துக்கினு இருப்பியா?" என்றாள். "எல்லாருக்கும் குடு. அவரைப் பத்தி எழுதிகிறியே, அத மட்டும் எடுத்துடு. அவரை இன்னா சொல்றதுன்னாலும் நான் சொல்லிக்கறேன், நீ யாரு சொல்றதுக்கு? கடைசிப் பக்கம் இருக்கட்டும். என்னை யாரும் வேணான்னு சொல்லலன்னு ஊரு படிக்கட்டும். அத கிழிச்சன்னு வெச்சிக்கோ, எனுக்குத் தங்கச்சி இல்ல." அவர் பக்கங்களை எடுத்துவிட்டால் படிக்கிறவர்களுக்கு ஏன் அப்படி நடந்தது என்றே புரியாதே, தங்கை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும்தானே மிஞ்சும் என்றேன். "ஆமா. அதான் மிஞ்சணும்" என்றாள்.

கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாசல்வரை வந்தவள் தானாகவே சொன்னாள். "அவன் என் கையில வளந்தவன். வருவேன். நேரா திருப்பதி மண்டபத்துக்கு வருவேன். உன் வூட்டுக்கு இனிமே வர மாட்டேன்."

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. வியாழக்கிழமை சென்னையில் இறங்கியதும் ஊர் சுற்றாமல் நேராகப் புத்தூர் வா. சுகன்யாவையும் அன்று வரச் சொல்லியிருக்கிறேன். நாம் மூன்று பேரும் உட்கார்ந்து ஐந்நூறு புத்தகத்திலும் பதினொன்றிலிருந்து இருபத்திரண்டு வரை பிளேடால் அறுத்து எடுக்க வேண்டும். ஆட்களை வைத்துச் செய்யாதே. நீ கேட்காமல் போட்டதை நீயே உன் கையால் எடு. எடுத்த பக்கங்களை மட்டும் எரிப்போம். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இப்போது எழுதினால் அது பொய்யாக இருக்கும். உன் முகத்தைப் பார்த்த பிறகு என்ன ஆகும் என்று தெரியவில்லை. எனக்குப் பொய்யாக எழுதிப் பழக்கமில்லை, பேசாமல் இருந்துதான் பழக்கம்.

கல்யாணத்தன்று தாம்பூலப் பை கொடுக்க உன் சிநேகிதர்களை நிறுத்தாதே. மண்டபத்து வாசலில் நான் நிற்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுப்பேன். சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள், "அம்மா எழுதினதா!" என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டுக்குப் போய்க் கடைசிப் பக்கம் படித்துவிட்டு அடுத்த நாள் யாராவது போன் செய்வார்கள். நான் எடுத்துப் பேசுவேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிற்பேன்.

பெரியம்மாவின் பையை மட்டும் நீ தனியாகக் கட்டிவிடு. பஸ்ஸுக்கு நான் நடக்கத் தொடங்கிய பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்: "என் பையில அந்தப் பொஸ்தகம் வேணாம், எனுக்குப் படிக்கத் தெரியாது. அதுக்குப் பதிலா இன்னொரு தேங்கா போடச் சொல்லு."

அம்மா